அடிவயிற்றில் குடிவந்த அக்கா

என் அக்கா தன் கிட்னியில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். ஆனால் என்னோடு பேசமாட்டாள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. உடம்பையே அறுத்துக் கொடுத்தவள் ஒரு வார்த்தை கொடுக்கமாட்டாளா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது. "கிட்னி வேற, பேச்சு வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க" என்று அவளே ஒரு நர்ஸிடம் சொன்னாள். நான் அப்போது பக்கத்துக் கட்டிலில்தான் கிடந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.

சண்டை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

நான் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் அடுத்தவர் காட்டில் ராகி அறுத்தே முதுகு வளைந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் கம்பெனிச் சங்குக்கு எழுந்து ஓடிய முதல் ஆள் நான்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே ஒரு புது லேஅவுட்டில் இரண்டு அறை வீடு கட்டி, பால் காய்ச்ச நாள் குறித்தேன். எங்கள் ஜனங்களில் புது வீட்டில் பால் காய்ச்சுவது கூடப்பிறந்தவளின் உரிமை. அவள்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பால் பொங்கி வழிந்ததும் முதல் டம்ளரை அவள் கையால்தான் தர வேண்டும்.

அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது குருபரப்பள்ளியில். மாமா அங்கே ஹைவே ஓரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் போட்டுக்கொண்டிருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து அக்கா கிளம்பியும் விட்டாள். சானமாவுக் காட்டை ஒட்டி வந்தபோது ரோட்டில் யானைகள் நின்றுவிட்டன. பஸ்ஸும் நின்றுவிட்டது. இங்கே நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. ஐயர் நிமிஷத்துக்கு ஒருமுறை வாட்சைப் பார்க்கிறார். என் மாமியார், "நேரம் போவுதுங்க, யாராவது பத்தவைங்க" என்று நச்சரிக்கிறார். கடைசியில் என் மச்சினிச்சி பற்றவைத்தாள்.

அக்கா வந்து நின்றபோது பால் பொங்கி, அடுப்பு அணைந்து, ஆளாளுக்குக் குடித்தும் முடித்திருந்தார்கள். இடுப்பில் புதுப் பித்தளைக் குடம். வாசற்படியில் நின்றபடி அடுப்பைப் பார்த்தாள்.

"பால் பொங்கிருச்சா?"

"பொங்கிருச்சுக்கா. நல்ல நேரம் முடிஞ்சிரும்னு ஐயர்தான்..."

"சரி" என்றாள். குடத்தைப் படியிலேயே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தாள். அந்த 'சரி'யோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இதில் என் தப்பு என்ன இருக்கிறது? தப்பு யானையுடையது. வேண்டுமானால் சானமாவுக்குப் போய் யானையோடு பேசாமல் இருக்கட்டும். இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

பேச்சு இல்லை என்றால் வரப்போக்கும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றிலும் பார்த்துக்கொள்வோம். பந்தியில் எனக்கு நேர் எதிரில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு, பக்கத்து இலைக்காரரிடம், "அந்த ஆளுக்கு இன்னொரு கரண்டி வேணுமான்னு கேளுங்க" என்பாள். அவர் திருதிருவென்று முழிப்பார். நான் அவரிடம், "போதும்னு சொல்லுங்க" என்பேன். இப்படியே ஆறேழு வருஷம் ஓடியது.

அப்புறம் எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. கம்பெனி டிஸ்பென்சரியில் கேஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கேஸ் காலில் எப்படி இறங்கும் என்று கேட்டதற்கு, "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார் அந்த டாக்டர். ஒருநாள் சேஃப்டி ஷூவுக்குள் கால் நுழையவே இல்லை. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டன என்றார்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தரம் டயாலிசிஸ். ஓசூர் பஸ்ஸில் ஏறினாலே கண்டக்டர், "ஏன்ப்பா, இன்னைக்கு சர்வீஸா?" என்பார். வண்டியை சர்வீஸுக்கு விடுவதைப் போலத்தான் நானும் என்னைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆள் உருகிப்போனேன். வேறு கிட்னி வைத்தால்தான் பிழைப்பு என்றார்கள். என் வீட்டுக்காரிக்கு ரத்த குரூப் சேரவில்லை. தம்பி ஒருத்தன் இருக்கிறான். ரத்தம் டெஸ்ட் பண்ண வாடா என்றதும், மாதேஸ்வரன் மலைக்கு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்று கம்பி நீட்டினான். அப்படி என்ன வேண்டுதலோ, திரும்பி வரவே மாசக்கணக்காகிவிட்டது.

அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மாமா, ஆயில் கறை படிந்த சட்டையோடு. என்னைத் தாண்டி நேராக நர்ஸிடம் போய், "இந்த ஆளுக்கு யாரோ குடுக்கணுமாமே. என்கிட்ட எடுத்துப் பாருங்க" என்றாள்.

"அக்கா" என்றேன். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாதான் என் தோளில் தட்டி, "முடிவு பண்ணிட்டா மச்சான். இனி அந்த ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது" என்றார்.

டெஸ்டில் பாதிதான் பொருந்தியது. பாதி போதும், செய்யலாம் என்றார்கள். மீதிப் பாதிக்குத்தான் பயம். அதை எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் ஒரு இளம் டாக்டரம்மா. ஒல்லியாக, எப்போதும் தூக்கம் போதாத கண்களோடு இருப்பார். நல்ல தமிழ் பேசுவார். அக்காவையும் என்னையும் எதிரெதிரே உட்காரவைத்தார். நாங்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நம்ம ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கு. வெளியிலேர்ந்து எது வந்தாலும் யாரு என்னன்னு கேக்காம அடிக்கும். கிருமி வந்தா அது நல்லது. ஆனா உங்க அக்கா கிட்னியும் வெளியிலேர்ந்து வர்றதுதானே? அதையும் அடிக்கும்."

"கூடப்பொறந்தவன்னு கூட பாக்காதா?" என்றாள் அக்கா.

"பாதி பாக்கும், பாதி பாக்காது."

"இந்த ஆளும் அப்படித்தான்" என்றாள் அக்கா டாக்டரம்மாவிடம்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் சில வாரங்கள் விட்டு விட்டு அக்காவின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு ஏற்றுவார்களாம். உடம்புக்கு ஒரு பழக்கம் வரட்டும் என்று. அதற்கப்புறம் ஆயுசு முழுக்க மாத்திரை. மாத்திரையின் வேலை, அந்த அடிதடிக்கார அணுக்களை மயக்கத்திலேயே வைத்திருப்பது.

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னார். "அந்த வெள்ளை அணுக்கள்லயே, அடிக்கிறதை நிறுத்தி வெலக்கிவிடற அணுக்களும் கொஞ்சம் இருக்குன்னு நான் நெனைக்கிறேன். அதை மட்டும் தனியா எடுத்து, வெளியில வளர்த்து, நிறைய ஆக்கி, திரும்ப உங்க உடம்புக்குள்ள விட்டா, மாத்திரையே இல்லாம கிட்னி தங்கிரும்."

"நெனைக்கிறீங்களா, பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். ஃபிட்டர் புத்தி.

"பாத்ததில்லை" என்று ஒப்புக்கொண்டார். "அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு நிறைய பேரு சொல்றாங்க. இங்க பெரிய டாக்டருங்களே என்னைக் கிண்டல் பண்றாங்க."

அக்கா அதற்கு மட்டும் பலமாகத் தலையாட்டினாள். "எங்க பக்கம் பஞ்சாயத்துலயும் அப்படித்தாங்க. அடிச்சவன் பேரு ஊருக்கே தெரியும். வெலக்கி விட்டவன் எவன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அதுக்காக இல்லைன்னு ஆயிருமா?"

அந்த நிமிஷத்திலிருந்து டாக்டரம்மாவும் அக்காவும் ஒரு கட்சி. ஆராய்ச்சிக்கு என்று எங்கள் இருவரிடமும் ரத்தம் எடுத்தார். என் அணுக்களையும் அக்காவின் அணுக்களையும் ஒரே தட்டில் விட்டு, உடம்புச் சூடு உள்ள ஒரு பெட்டிக்குள் வைத்து வளர்ப்பாராம். முதலில் என்னுடையவை வரிந்து கட்டிக்கொண்டு அக்காவுடையவற்றை எதிர்க்குமாம். நாள் போகப்போக அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கிவிடுகிறவை தலைதூக்குமா என்று பார்க்க வேண்டுமாம்.

"வெளிய போட்ட சண்டை போதலைன்னு கண்ணாடித் தட்டுலயும் விட்டுட்டாங்களா" என்றாள் அக்கா. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம், ஊரில் விட்டுவந்த கன்றுக்குட்டியை விசாரிப்பது போல, "என்னாங்க, வளருதா?" என்று அந்தத் தட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பாள்.

ஒருநாள் டாக்டரம்மா முகம் தொங்கிப்போய் வந்தார். தட்டு முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டதாம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்களாம்.

அக்காவுக்கு உடனே விஷயம் பிடிபட்டுவிட்டது. "யாரோ ஈரக்கரண்டியை விட்டிருக்காங்க" என்றாள். "ஊறுகா ஜாடியில எங்க நாத்தனாரு இதே வேலையைத்தான் பண்ணுவா. இனிமே கரண்டியை நல்லாத் தொடச்சுட்டு விடச் சொல்லுங்க."

அவ்வளவு படித்த டாக்டரம்மா அதைக் கேட்டு, "சொல்றேம்மா" என்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகும் விடாமல் முயன்றார். ஒருதடவை கரண்ட் போய்ப் பெட்டி ஆறிப்போனது. இன்னொரு தடவை காரணமே தெரியாமல் செத்தன. பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில் செக்கப்புக்குப் போனபோது அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. "வெளிநாட்டுல மறுபடியும் அந்த அணுக்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருக்காங்க. பேரை மட்டும் மாத்திட்டாங்க. ஆளு அதே ஆளுதான்" என்றார். என்னைவிட அக்காவிடம் சொல்லத்தான் அவருக்கு அவசரம்.

கதைக்கு வருகிறேன். ரத்தம் ஏற்றி, பொறுத்திருந்து பார்த்து, உடம்பு ஒத்துக்கொண்டது என்று தெரிந்ததும் ஆபரேஷன் நடந்தது. அடிவயிற்றில் வலதுபக்கம் அக்காவின் கிட்னியை வைத்தார்கள். பழைய இரண்டையும் எடுக்கவில்லை. "ரிட்டயர் ஆனவங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் டாக்டரம்மா. புதியது ஆபரேஷன் மேஜை மேலேயே வேலையை ஆரம்பித்துவிட்டதாம். அக்காவின் சுறுசுறுப்பு அப்படி.

சில நாள் கழித்து அக்கா தன் விலாவைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி மெதுவாக நடந்து என் கட்டிலுக்கு வந்தாள். அவளுக்குத்தான் வெட்டுக்காயம் பெரிது. முதுகிலிருந்து முன்பக்கம் வரை கிழித்திருந்தார்கள். இனிமேலாவது பேசுவாள் என்று நான் எழுந்து உட்காரப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. போர்வையின் ஓரத்தைத் தூக்கி, என் வயிற்றுக் கட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னா கண்ணு, ஒழுங்கா வேலை செய்யறியா? புது எடம்னு பயப்படாத. ஆளு ஒரு மாதிரிதான். ஆனா கெட்டவன் இல்ல."

போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாள். நர்ஸ் என்னிடம் வந்து, உங்க அக்காவுக்கு மனசு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றேன். சொல்லிவிட்டு, திரும்பிப் படுத்து அழுதேன். தையல் இழுத்தது. அப்படியும் அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும். முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்குப் போகக் கூடாது. மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. "உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி எவ்வளவு கம்மியா இருக்கோ, அந்தக் கிட்னிக்கு அவ்வளவு நல்லது" என்றார். அக்கா அதைக் கேட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஓசூரில் இதை ஒருத்தருக்கும் புரியவைக்க முடியவில்லை. என் கூட வேலை பார்ப்பவன் ஒருத்தன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தான். "மாமூலா எல்லாரும் சக்தி வர்றதுக்கு மாத்திரை சாப்புடுவான். நீ சக்தி போறதுக்குச் சாப்புடறியா? உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கடா" என்றான். முகத்தில் துணி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா டிபி என்று முடிவுகட்டித் தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார். மாத்திரையால் முகம் உப்பி உருண்டுவிட்டது. லீவு நீட்டிக்கக் கம்பெனிக்குப் போனால் கேட் செக்யூரிட்டி, "யார் வேணும் சார்?" என்கிறான். பத்து வருஷமாக எனக்கு சல்யூட் அடிக்காத பயல், ஆள் தெரியாததால் சார் போட்டான்.

அக்கா மட்டும் வாரா வாரம் வந்தாள். காயம் ஆறியும் ஆறாமலும் இருந்தபோதே பஸ் ஏறி வர ஆரம்பித்தாள். கையில் தூக்குவாளி. "கிட்னியைப் பாக்க வந்தேன்" என்பாள் என் வீட்டுக்காரியிடம். என் எதிரில் உட்கார்ந்து வயிற்றை விசாரிப்பாள். தூக்குவாளியை அவளிடம் கொடுத்து, "அந்த ஆளுக்குச் சூடு பண்ணிக் குடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். வாளியில் வேப்பம்பூ ரசம். இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். வேப்பம்பூ ரசம் கசக்கத்தான் செய்யும். அக்காவின் ரசம் கொஞ்சம் கூடுதலாகவே கசந்தது. அக்கா கை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். உண்மையைச் சொன்னால், அவள் செய்து அனுப்புகிறாளே என்ற சந்தோஷத்தில் அது எனக்கு இனித்தது.

சில வாரம் போனது. ஒருநாள் காலையில் உடம்பு கொதித்தது. அடிவயிற்றில் கிட்னி வைத்த இடம் கல் மாதிரி இறுகி, தொட்டால் வலித்தது. சிறுநீர் ஒழுங்காகப் போகவில்லை. ஒரு டாக்ஸியைப் பிடித்து என் வீட்டுக்காரி பெங்களூருக்குக் கொண்டுபோனாள். அத்திப்பள்ளி தாண்டியதும், "அண்ணி கேட்டா என்ன சொல்றது?" என்றாள். எனக்கும் அதே பயம்தான். சாவதைவிட, அக்கா கொடுத்ததைத் தொலைத்துவிட்டு அவள் முகத்தில் முழிப்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

ரத்தம் பார்த்தார்கள். ஊசியை உள்ளே விட்டுக் கிட்னியில் துளி எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு கிட்னியை அடிக்கத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. மாத்திரை விட்டீர்களா என்று கேட்டார். இல்லை. வெளியில் ஏதாவது சாப்பிட்டீர்களா? இல்லை. நாட்டு மருந்து ஏதாவது? சத்தியமாக இல்லை என்றேன். என் வீட்டுக்காரியும் சத்தியம் செய்தாள்.

மறுநாள் தகவல் தெரிந்து அக்கா வந்து சேர்ந்தாள். கையில் அதே தூக்குவாளி. நேராக டாக்டரம்மாவிடம் போய், "இதை அந்த ஆளுக்குக் குடுங்க. ரெண்டு டம்ளர் உள்ள போனா எந்திரிச்சு ஒக்காந்துருவான்" என்றாள்.

டாக்டரம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதுல என்னம்மா போட்டிருக்கீங்க?"

"வேப்பம்பூ ரசங்க. கூடவே சீந்தில் கொடியை இடிச்சுக் காச்சின தண்ணி." அக்காவின் குரலில் பெருமை. "வேலியில படர்ந்து கெடக்கும். எங்க பக்கம் காச்சல்ல விழுந்தவன் எல்லாம் அதைக் குடிச்சுத்தான் எந்திரிக்கறான். எதிர்ப்புச் சக்திக்கு அதை அடிச்சுக்க ஒண்ணு கெடையாது. நீங்க சக்தியைக் கொறைக்கச் சொன்னீங்க. சக்தியே இல்லாத ஒடம்புல என் கிட்னி எப்படிங்க பொழைக்கும்? அதான், நீங்க ஒருபக்கம் கொறைச்சா நான் ஒருபக்கம் ஏத்திக்கிட்டிருக்கேன்."

டாக்டரம்மா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார். "அம்மா, நான் மயக்கத்துல வெச்சிருந்த ஆளுங்களை நீங்க தட்டி எழுப்பிட்டீங்க. எழுந்திரிச்சவங்க யாரை அடிப்பாங்க? அங்க புதுசா இருக்கறது யாரு?"

அக்கா என் வயிற்றைப் பார்த்தாள். டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"என்னுதையா?"

"ஆமாம்மா. உங்களுதைத்தான்."

இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஒன்றும் சாப்பிடாதவர்களுக்கும் இப்படி வருவதுண்டு என்று டாக்டரம்மா உடனே சொன்னார். அது அக்காவின் காதில் ஏறவில்லை. தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் ஏறி, கன்னடத்தில் முடிக்கிற வாய் அவளுடையது. அன்றைக்கு ஒரு பாஷையும் வரவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் வாஷ்பேசினில் ஊற்றினாள். வாளியைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். காலி வாளியோடு திரும்பி வந்தாள்.

"அந்த வெலக்கிவிடற அணு" என்றாள் டாக்டரம்மாவிடம். "நீங்க வளத்தீங்களே. அதை இப்ப ஊத்துங்க. பூசணம் பிடிச்சிருந்தாலும் பரவால்ல, ஊத்துங்க."

"இல்லம்மா. ஒண்ணுகூட மிஞ்சல. இன்னும் எனக்கு வளர்க்கத் தெரியல." டாக்டரம்மாவின் கண் கலங்கிவிட்டது. "இப்ப என்கிட்ட இருக்கறது ஊசி மட்டும்தான்."

ஊசியை நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்று நாள் போட்டுப் பார்ப்போம், கேட்டால் கேட்கும் என்றார்கள். கேட்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. சிறுநீருக்குக் குழாய் வைத்து, கட்டில் ஓரத்தில் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பையில் என்ன வருகிறது என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பதில். அக்கா கட்டிலடியில் தரையில் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா இட்லி வாங்கி வந்தார். தொடவில்லை. என் வீட்டுக்காரி காபி கொண்டுவந்தாள். "எனக்கெதுக்கும்மா" என்று தள்ளிவிட்டாள். வயிற்றோடும் பேசவில்லை. பையில் ஒரு விரற்கடைக்கு ஏதோ தேங்கியிருந்தது. அது ஏறவே இல்லை.

கடைசி ஊசியும் ஏறி முடிந்த அன்று காலை டாக்டரம்மா ரவுண்ட்ஸுக்கு வந்து சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து குரல் வந்தது.

"டேய்."

பக்கத்துக் கட்டிலில் யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"உன்னைத்தான்டா. எங்க பாக்கற?"

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். ஆறேழு வருஷத்துக்கு அப்புறம் அப்போதுதான் பார்க்கிறாள்.

"பால் காச்சுனதை நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன்."

"சரிக்கா."

"அதுக்காக நீ செத்துகித்துத் தொலையாத. இது போனாப் போவுது. என்கிட்ட இன்னொண்ணு இருக்குதுல்ல? அதை எடுத்துக்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஏம்மா, அதையும் குடுத்துட்டா நீங்க எப்படி இருப்பீங்க?"

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "அது எனக்குத் தெரியாதுங்களா? நான் என்னா பச்சப்புள்ளயா?"

டாக்டரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. எனக்கு அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. கையில் ஊசி, மூத்திரக் குழாய், எதையும் செய்ய வழியில்லை. "அதை நீயே வெச்சுக்கக்கா. ஒண்ணைச் சமாளிக்கறதே பெரும்பாடா இருக்கு" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவள் சேலைத் தலைப்பால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். சின்ன வயதில் சந்தைக்குக் கூட்டிப்போகும் முன் துடைப்பாளே, அதே முரட்டுத் துடைப்பு. மூக்கு எரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் முதலில் பார்த்தது அவள்தான். குழாயில் மஞ்சளாக ஒரு கோடு ஓடியது. சொட்டுச் சொட்டாக விழுந்தது, அப்புறம் விடாமல் விழுந்தது. சாயங்காலம் டாக்டரம்மா வந்து பையைத் தூக்கிப் பார்த்து, "கேட்டுருச்சு" என்றார். மாமா வராந்தாவுக்கு ஓடிப்போய் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சேலையை உதறிக் கட்டினாள், கொண்டையை இறுக்கினாள், காலித் தூக்குவாளியை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா" என்றேன்.

அவள் நர்ஸிடம் திரும்பினாள்.

"அந்த ஆளுக்குப் பசிக்கும். ஏதாச்சும் குடுங்க. ரசம் மட்டும் வேணாம்."